எண்ணெய் கசியும் வழியில் நுழையும் காற்று: பழைய சொகுசுக் கார்களின் ஆயில் லீக்கும் டியூனிங்கும்

முப்பது வயது கடந்த ஒரு சொகுசுக் கார் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு புகார்களோடுதான் வருகிறது. நிறுத்தி வைத்த இடத்தில் ஆயில் திட்டு விழுகிறது என்பது ஒன்று. ஐடிலில் எஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறுகிறது என்பது மற்றொன்று. முதல் புகாருக்கு ஆயில் சீலும் பேக்கிங்கும் மாற்றுவார்கள், இரண்டாவதற்கு பிளக், ஒயர், ஃபில்டர் மாற்றி மிக்ஸரைச் சரிசெய்வார்கள். இரண்டுக்கும் தனித்தனி பில். பல வேளைகளில் இந்த இரண்டு வேலைகளும் முடிந்த சில மாதங்களிலேயே திட்டும் தடுமாற்றமும் திரும்பிவிடுகின்றன. பழைய எஞ்சின் ஏன் கசிகிறது, அதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்ற கேள்விக்கு மோட்டார் தொழில் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் நான்கு விதமான விடைகளைத் தந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. அவற்றை ஆராய்ந்து, கசிவும் தடுமாற்றமும் கணிசமான எஞ்சின்களில் ஒரே குறையின் இரு முகங்கள் என்றும், ஆகவே என்ன பாகம் மாற்றுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கசிவு பிறவிக் குணம் என்ற தரப்பு

மிகப் பழைய விடை, இந்த எஞ்சின்கள் கசியத்தான் செய்யும், ஆயில் அளவைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டால் போதும் என்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1948இல் எக்ஸ்கே 120 காரோடு அறிமுகமாகி, டெய்ம்லர் டிஎஸ்420 லிமோசினின் வழியாக 1992 வரை உற்பத்தியில் இருந்த ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். அதன் 4.2 லிட்டர் வடிவத்தில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையை அடைப்பது கயிறு வடிவிலான சீல். அதை வெட்டி, பள்ளத்தில் அமுக்கிப் பதித்து, மேலே கிராங்கை உட்கார வைக்க வேண்டும். கயிறு சற்று நீளமாக இருந்தால் கிராங்க் இறுகும், சற்றுக் குட்டையாக இருந்தால் கசியும். அதற்கும் முந்தைய பல எஞ்சின்களில் தொட்டு அடைக்கும் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் வெட்டிய திருகு வரி சுழலும்போது எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். எஞ்சின் நின்றதும் அந்தத் தள்ளலும் நின்றுவிடும். இத்தகைய அமைப்பில் சொட்டே விழக்கூடாது என்று எதிர்பார்ப்பது வடிவமைத்தவர்களே எதிர்பார்க்காத ஒன்றை எதிர்பார்ப்பதாகும்.

இந்தத் தரப்பின் பலவீனம், ஒரு குறிப்பிட்ட காலத்து எஞ்சின்களுக்குப் பொருந்தும் உண்மையை எல்லாப் பழைய கார்களுக்கும் விரித்துவிடுவதில் இருக்கிறது. 1980களில் வந்த ஜெர்மானிய சொகுசுக் கார்கள் வறண்ட எஞ்சினோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அவை இன்று கசிந்தால் அதற்குக் காரணம் தேய்மானம், அதற்கு மருந்து உண்டு. போதாததற்கு, சகித்துக்கொள்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. எண்ணெய் ஊறிய ரப்பர் மவுண்டுகள் தளர்ந்து எஞ்சின் அதிர்வு கூடும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் எண்ணெய் முதலில் புகை நாற்றமாகக் காட்டிக்கொடுக்கும், மோசமான நிலையில் தீப்பிடிக்கவும் வழி செய்யும். தரையில் விழுந்தது மழைநீரோடு எங்கே போய்ச் சேருகிறது என்பதும் காரின் சொந்தக்காரர் மட்டும் முடிவு செய்துவிடக்கூடிய விஷயமில்லை.

ரப்பரின் வயதைக் குறைசொல்லும் தரப்பு

இரண்டாவது விடை இன்றைய பட்டறைகளில் பெரும்பாலோர் ஏற்பது: ரப்பர் கெட்டுவிட்டது, மாற்றிவிடு. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடும் நிறுவனமாக இருந்த ஃப்ராய்டன்பெர்க், 1930களில் சுழலும் ஷாஃப்ட்டுக்கான உதடு சீலை முதலில் தோலிலும் பிறகு செயற்கை ரப்பரிலும் உருவாக்கியது. மெல்லிய உதடு ஒன்று ஷாஃப்ட்டை அணைத்திருக்க, பின்னால் ஒரு சுருள் கம்பி அதை அழுத்திப் பிடித்திருக்கும். இது எப்படி அடைக்கிறது என்பது நெடுங்காலம் சரியாகப் புரியாமலே இருந்தது. உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கிறது என்பதை 1957இல் இ. டி. ஜாகர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்டினார். உதட்டின் இரு பக்கச் சரிவுகளும் சமமற்று இருப்பதால், சுழற்சியின்போது அந்தப் படலம் எண்ணெய்ப் பக்கமாகவே திரும்பித் தள்ளப்படுகிறது என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவானது. ஆக, நல்ல சீல் என்பது வெறும் தடுப்பு இல்லை, நுண்ணிய பம்பும் கூட. உதடு விறைத்துப்போனால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது.

விறைப்பது ஏன் என்பதும் அறியப்பட்டதே. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட நைட்ரைல் ரப்பர் ஏறத்தாழ 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் நீண்ட நாள் தாங்கும். அதன் மென்மைக்காகச் சேர்த்த பொருள்கள் சூட்டில் மெல்ல வெளியேறும், எஞ்சியிருக்கும் ரப்பர் மேலும் மேலும் இறுகும். 200 டிகிரியளவில் தாங்கும் ஃப்ளோரோகார்பன் ரப்பரை டூபாண்ட் நிறுவனம் 1950களின் இறுதியில் விட்டான் என்ற பெயரில் விற்கத் தொடங்கினாலும், விலை காரணமாக அது எல்லா இடங்களுக்கும் வந்துவிடவில்லை. எஞ்சினின் எந்த மூலையில் சூடு அதிகமோ அந்த மூலையிலுள்ள ரப்பர் முதலில் கெடுவது இதனால்தான்.

இதற்கு மிக நல்ல பாடம் மெர்சிடீஸின் டபிள்யூ124 வரிசை. 1984 இறுதியில் வந்து உலகெங்கும் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது. இந்தியாவில் மெர்சிடீஸ் தன் முதல் கார்களைப் புனேயில் பூட்டத் தொடங்கியதும் இந்த வரிசையோடுதான். இதன் 260இ, 300இ கார்களில் இருந்த எம்103 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கசியும் இடங்கள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம்: முன்பக்கம் டைமிங் கவரின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலுள்ள லாட வடிவ ரப்பர், அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் காம்ஷாஃப்ட் சீல், வால்வ் கவர் பேக்கிங், பின்னால் ஹெட் கேஸ்கெட்டின் மூலை. மேல் கவரைக் கழற்றிப் பார்த்தால் லாட ரப்பர் பிளாஸ்டிக் போலக் கெட்டித்து, பள்ளத்தின் விளிம்போடு சமமாகத் தட்டையாகிப் போயிருக்கும். புதியது அதே பள்ளத்திலிருந்து நன்றாகவே மேலே துருத்தி நிற்கும். அந்த வேறுபாடுதான் கசிவு.

ஆனாலும் ‘எல்லா சீலையும் மாற்று’ என்ற விடை இரண்டு இடங்களில் சறுக்குகிறது. முதலாவது, ரப்பரை மாற்றினாலும் உலோகம் பழையதாகவே இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உரசிய விறைத்த உதடு ஷாஃப்ட்டில் நகத்தால் தொட்டுணரக்கூடிய வரிப்பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். புதிய சீலை அதே ஆழத்தில் அடித்தால் அதன் உதடு அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பது, அல்லது எஸ்கேஎஃப் நிறுவனம் தருவது போன்ற, 0.28 மில்லிமீட்டர் மட்டுமே தடிமனுள்ள எஃகு உறையை ஷாஃப்ட்டின் மேல் ஏற்றுவது ஆகியவை இதற்கான மாற்றுகள். இரண்டாவது சறுக்கல் இன்னும் செலவு மிக்கது: கசியும் இடத்தைத் தவறாகக் கணிப்பது. எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னால் பரவும். ஹெட் கேஸ்கெட்டின் பின்மூலையிலோ வால்வ் கவரின் பின்விளிம்பிலோ கசிந்த எண்ணெய் பிளாக்கின் வழியே வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். பார்ப்பவர் கிராங்க்கின் பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கி, மாற்றி, ஏற்றிய பிறகும் அதே இடத்தில் சொட்டு விழும். எஞ்சினை முழுக்கக் கழுவி, எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சிறிது தூரம் ஓட்டி, புறஊதா விளக்கில் மேலிருந்து கீழாகப் பார்ப்பது இதற்கான எளிய காப்பு. இதை ஒரு வேலையாகவே எண்ணாமல் விடும் பட்டறைகள் நிறைய இருப்பது வருத்தத்துக்குரியது. சாயம் காட்டிய பிறகு வெறும் வால்வ் கவர் பேக்கிங்கோடு முடிந்துபோகும் ‘பின் சீல்’ கசிவுகள் அபூர்வமல்ல.

ஆயிலிலேயே மருந்து தேடும் தரப்பு

மூன்றாவது விடை வேதியியல் சார்ந்தது. ஒரு பக்கம் இது குற்றச்சாட்டு: சிந்தெடிக் ஆயில் ஊற்றியதால்தான் கசிகிறது. இன்னொரு பக்கம் இதுவே சிகிச்சை: தடிமனான ஆயில் அல்லது சீலை ஊதவைக்கும் கலவை ஊற்றினால் நின்றுவிடும். குற்றச்சாட்டுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1970களின் நடுவில் மோபில் 1 போன்ற சிந்தெடிக் ஆயில்கள் கடைக்கு வந்தன. அவற்றின் அடிப்படைப் பொருளான பாலிஆல்ஃபாஓலிஃபின், கனிம எண்ணெயைப் போல ரப்பரைச் சற்று ஊதவைப்பதில்லை, சில வேளைகளில் சுருங்கவும் வைக்கும். இதைச் சமன்செய்ய எஸ்டர் வகைப் பொருள்களைக் கலப்பது பின்னர் வழக்கமாகிவிட்டது. இன்றைய ஆயில்கள் குறித்து அந்தப் பழைய அச்சம் பெரும்பாலும் பொருந்தாது என்பதே நியாயமான கணிப்பு. புதிய ஆயிலுக்கு மாறியதும் கசியத் தொடங்குவதற்கு வேறொரு விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. அதிலுள்ள அழுக்கு நீக்கிகள், விறைத்த சீலின் இடுக்கில் ஆண்டுக்கணக்கில் அடைத்துக் கிடந்த கசடைக் கரைத்துவிடுகின்றன. கசிவு ஏற்கெனவே இருந்தது, கசடு அதை மறைத்துக்கொண்டிருந்தது.

சீலை ஊதவைக்கும் கலவைகள் ஏமாற்று வேலை என்று சொல்வது சரியாகாது. ஷாஃப்ட் சீல் லேசாக விறைத்த நிலையில் அவை சில காலம் பலன் தரக்கூடும். ஆனால் காகிதப் பேக்கிங்கிலோ, ஹெட் கேஸ்கெட்டின் மூலையிலோ, பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டிலோ ஊதுவதற்கு எதுவுமில்லை. கலவைக்கு நல்ல ரப்பரும் கெட்ட ரப்பரும் ஒன்றுதான் என்பதால் உள்ளே சரியாக இருக்கும் சீல்களும் சேர்ந்து மென்மையாகும். தடிமனான ஆயிலின் விஷயம் இதைவிட நேர்மையானது. மெர்சிடீஸின் அந்நாளைய கையேடுகளே தட்பவெப்பத்துக்கேற்பப் பல தடிமன்களை அனுமதித்தன. வெயில் மிகுந்த நாட்டில் அந்த அட்டவணைக்குள் நின்று ஒரு படி தடிமனான ஆயிலைத் தேர்வது தவறாகாது. அது கசிவின் வேகத்தைக் குறைக்கும், இடைவெளியை மூடாது.

அழுத்தத்தைக் காரணம் காட்டும் தரப்பு

நான்காவது விடை நோயின் இடத்தை சீலிலிருந்து கிராங்க்கேஸுக்கு மாற்றுகிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிவாயு கொஞ்சம் எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் எண்ணெயை வெளியே தள்ளும். ஒரு காலத்தில் அந்த வாயுவை ஒரு திறந்த குழாய் நேரே சாலையில் விட்டது. புகைமாசு காரணமாக 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மாற்றம், அதை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே உறிஞ்சி எரிக்கும் முறைக்கு இட்டுச்சென்றது. அன்றிலிருந்து பிரீதர் குழாய்களும் அவற்றின் சிறு துளைகளும் கசிவின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன. வால்வோவின் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பிரீதரிலுள்ள சிறிய தீத்தடுப்பு வலை அடைத்துக்கொண்டால் காம்ஷாஃப்ட் சீலிலும் கிராங்க் சீலிலும் எண்ணெய் வருவது நன்கறிந்த குறை. சில ரூபாய் மதிப்புள்ள பிளாஸ்டிக் வலையைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புதிய சீலும் அதே கதிக்கு ஆளாகும்.

இந்தத் தரப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வழக்கமான உதடு சீல் 0.2 முதல் 0.5 பார் வரையிலான அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்படுகிறது. நல்ல எஞ்சினின் கிராங்க்கேஸ் அழுத்தம் அதில் ஒரு சிறு பின்னம்தான். அப்படியானால் அழுத்தம் எப்படிக் குற்றவாளியாகும்? அழுத்தம் தனியாக நல்ல சீலைத் தோற்கடிப்பது அரிது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பழைய எஞ்சினில் இருப்பது நல்ல சீல் அல்ல. விறைத்து, திருப்பித் தள்ளும் ஆற்றலை இழந்து, நூலிழையில் நின்றுகொண்டிருக்கும் சீலுக்குச் சிறிய அழுத்தமே போதும். தட்டையான கவர் பேக்கிங்குகளுக்கு அந்த உதடும் கிடையாது. ஆகவே அழுத்தமும் முதுமையும் போட்டி விளக்கங்களாக நிற்க வேண்டியதில்லை. ஒன்று இடைவெளியை உண்டாக்குகிறது, மற்றது அதன் வழியே தள்ளுகிறது. இவற்றில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், பிரீதரைப் பார்ப்பதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்ற ஒரு காரணமே அதற்கு முன்னுரிமை தரப் போதுமானது.

டியூனிங் இங்கே எங்கே வருகிறது

நான்கு தரப்புகளும் பொதுவாகக் கவனிக்கத் தவறுவது இதுதான்: எண்ணெய் வெளியே வரும் இடைவெளியின் வழியே காற்று உள்ளே போகவும் முடியும். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து, அந்த அளவுக்கேற்ப பெட்ரோலைத் தரும் முறைகளில் இதன் விளைவு பெரிது. பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் முறையில் உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு பெட்ரோல் போகும். தட்டைத் தாண்டி வேறு வழியாக நுழையும் காற்று கணக்கில் சேராது, கலவை மெலிந்துவிடும். இந்த முறையைக் கொண்டிருந்த 1970களின் போர்ஷே 911 எஞ்சினில் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் எஞ்சின் திணறி அணையப் பார்க்கும். கிராங்க்கேஸ் முழுவதும் உறிஞ்சு குழாயோடு இணைந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே எஞ்சினில் தளர்ந்த ஒரு கவர் பேக்கிங், பாதி திறந்த ஆயில் மூடிக்குச் சமம். 2000ஐ ஒட்டி வந்த பிஎம்டபிள்யூ 5, 7 வரிசைகளின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களிலும் இதே கதைதான். வால்வ் கவர் பேக்கிங் விறைத்தால் எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் சொட்டி நாறும், பிளக் குழிக்குள் இறங்கி மிஸ்ஃபயரை உண்டாக்கும், போதாததற்குக் கலவை மெலிந்துவிட்டது என்ற கோளாறுக் குறியும் கம்ப்யூட்டரில் பதிவாகும். மூன்று புகார்கள், ஒரே பேக்கிங்.

எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்துமா என்ற மறுப்பு நியாயமானது. பொருந்தாது. பிரீதர் குழாய் காற்றை அளக்கும் இடத்துக்கு முன்னால் இணைகிறதா பின்னால் இணைகிறதா, எவ்வளவு பெரிய துளை வழியாக இணைகிறது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறும். பெரும்பகுதி காற்று வடிகட்டிப் பெட்டிக்கே திரும்பும் அமைப்புகளில் கவர் கசிவால் கலவை பெரிதாகக் கெடாது. ஆனால் அங்கேயும் இரண்டு குறைகளும் வேறு வழியில் சந்திக்கின்றன. எம்103இல் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் காம்ஷாஃப்ட்டின் முன்முனையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் எண்ணெய்க்கும் இடையே இருப்பது அந்த ஒரு காம்ஷாஃப்ட் சீல்தான். அது கசிந்தால் எண்ணெய் படலமாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பரவும், அதில் தூசியும் கரித்துகளும் ஒட்டும், மின்பொறி பிளக்குக்குப் போகாமல் மூடியின் உட்சுவரில் வழி தேடிக்கொள்ளும். ஈரமான காலையில் எஞ்சின் இழுக்காமல் உதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதிய மூடியும் ரோட்டாரும் போட்டால் சில மாதம் நன்றாக ஓடும், சீலைத் தொடாவிட்டால் மறுபடியும் உதறும். எம்103க்குப் பின் வந்த எம்104இல் இரண்டு காம்ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே பிளக்குகள் இருப்பதால், வால்வ் கவரின் உட்சீல்கள் கசிந்து குழிகளில் எண்ணெய் தேங்கும்.

இதிலிருந்து ஒரு வரிசை தானாகவே உருவாகிறது. முதலில் கம்ப்ரஷனும் லீக்-டவுன் சோதனையும், ஏனெனில் ரிங்குகள் தேய்ந்து வாயு மிகுதியாக இறங்கினால் மற்ற எல்லா வேலையும் வீண். இரண்டாவது பிரீதர் குழாய்களும் துளைகளும். மூன்றாவது கழுவிப் பார்த்து மேற்பகுதிக் கசிவுகளை அடைப்பது. அதன் பிறகே பிளக், ஒயர், மூடி, ரோட்டார். எம்103க்கு மின்தடை இல்லாத பிளக்தான் குறிக்கப்பட்டிருக்கிறது, விலை உயர்ந்தது என்பதற்காக வேறொன்றைப் போடுவது முன்னேற்றமாகாது. கடைசியாகத்தான் கலவையைச் சரிசெய்யும் திருகு. காற்று எங்கேயோ நுழைந்துகொண்டிருக்கும்போது அந்தத் திருகைத் திருப்புவது, குறைக்கு ஏற்பக் குறையைப் பொருத்திவைப்பதாகும். பிறகு யாரேனும் அந்தக் கசிவை அடைத்தால் கலவை அளவுக்கு மீறிச் செழித்து, நல்ல வேலை செய்தவர் பழி சுமப்பார்.

வரிசைக்கு எதிரான வாதங்கள்

எஞ்சினை இறக்கி, முழுக்கப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதிதாக்குவதே சிக்கனம் என்று வாதிடுவோர் உண்டு. கூலி விலையுயர்ந்த நாடுகளில், கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கும் நிலையில், பின் சீலையும் சேர்த்து மாற்றுவது அறிவுடைய செயலே. ஆனால் கம்ப்ரஷன் நன்றாக உள்ள எஞ்சினைக் கசிவுக்காக மட்டும் முழுதாகப் பிரிப்பது, கச்சிதமாக ஒன்றோடொன்று பழகிய பாகங்களைக் கலைத்துவிடுகிறது. திரும்பப் பூட்டுபவரின் கைத்திறனே பிறகு எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும். இறுக்க அளவு பார்க்காமல் பூட்டிய வால்வ் கவரே வளைந்து புதுக் கசிவைத் தொடங்கிவைக்கும்போது, நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டுவதில் உள்ள அபாயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. மறுமுனையில், இவ்வளவு நுட்பம் எதற்கு, கசிகிற இடத்தில் சிலிக்கான் பசை வைத்தால் போகிறது என்ற வாதமும் இருக்கிறது. பசைக்கு உரிய இடம் உண்டு. எம்103இன் டைமிங் கவர் மூலைகளில் மூன்று உலோகப் பரப்புகள் சந்திக்கும் இடத்தில் சிறு துளிப் பசை வேண்டியதே. அளவுக்கு மீறி வைத்த பசை உள்ளே பிதுங்கி, துண்டாகப் பிரிந்து ஆயில் பம்பின் உறிஞ்சு வலைக்குப் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. கசிவால் ஒரு எஞ்சின் சாவது அரிது, வலை அடைத்து எண்ணெய் ஏறாமல் போனால் சாவு நிச்சயம்.

இன்னும் தீராதவை

சேர்ந்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், முதுமையடைந்த ரப்பரே கசிவின் அடிப்படைக் காரணம் என்பதிலும், பிரீதரைச் சோதிக்காமல் சீல் மாற்றுவது அரைகுறை வேலை என்பதிலும் இனிப் பெரிய தகராறுக்கு இடமில்லை. காற்றை அளந்து பெட்ரோல் தரும் எஞ்சின்களில் கசிவை அடைக்காமல் டியூனிங் செய்வது நிலைக்காது என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் சில கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. இன்று நைட்ரைலுக்குப் பதில் ஃப்ளோரோகார்பனிலும் டெஃப்ளானிலும் செய்த மாற்று சீல்கள் கிடைக்கின்றன. அவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உறுதி. ஆண்டில் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடி, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்களில் அவை எப்படி முதுமையடையும் என்பதைச் சொல்லப் போதிய காலம் இன்னும் கடக்கவில்லை. எண்ணெயில் நனையாத உதடு நிற்கும் காரில் வேறு விதமாகக் கெடுகிறது. தொழிற்சாலை தந்த பழைய சீல்களின் ஆயுளை ஓடிய தூரத்தால் கணிப்பதா, கழிந்த ஆண்டுகளால் கணிப்பதா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. உதிரிபாகங்களின் தரம் இன்னொரு சிக்கல். மெர்சிடீஸ் 1993இல் ஃபெல்பாக்கில் தன் பழைய கார்களுக்கென ஒரு மையத்தைத் திறந்தது போன்ற முயற்சிகள் சில மாடல்களுக்கு நம்பிக்கை தந்தாலும், அத்தகைய துணை இல்லாத மாடல்களுக்குப் பெயர் தெரியாத ரப்பரை நம்பித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ரப்பரின் கலவை என்ன என்பது பெட்டியின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. கிராங்க்கேஸ் அழுத்தத்தை டிப்ஸ்டிக் குழாயில் அளந்து, சீல் மாற்றும் முன்பும் பின்பும் குறித்துவைக்கும் பழக்கம் பட்டறைகளில் பரவினால், அழுத்தத்துக்கும் முதுமைக்கும் எவ்வளவு பங்கு என்ற வழக்கையாவது எஞ்சின் எஞ்சினாகத் தீர்த்துக்கொள்ள முடியும்.